வையம்பட்டியில் எப்போதும் முதல்

தென்னூரில் வீரமலை பேச்சை எடுத்தால் இன்றைக்கும் சிலர், "யாரு, ரெண்டாம் பிரைஸ் வீரமலையா?" என்று சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். விஷயம் தெரியாதவர்கள் சிரிக்கிற சிரிப்பு அது. தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறேன், சொல்லிவிடுகிறேன்.

நான் இருதயமேரி. தென்னூரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவள். கடை என் வீட்டுக்காரர் அடைக்கலம் வைத்தது. அவருக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை கிடைத்ததும் கடையை மூடலாம் என்றார். நான் மூடவில்லை. பொம்பளை ஸ்பானர் பிடிக்கிறாள் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான் பிறகு எனக்கு வாடிக்கைக்காரர்கள் ஆனார்கள். வீரமலையும் அப்படி வந்தவன்தான். ஆனால் வேடிக்கை பார்க்க வரவில்லை, வண்டி எடுக்க வந்தான்.

அவன் வையம்பட்டிக்காரன். வானம் பார்த்த பூமி. சோளமும் கடலையும் போடுகிற குடும்பம். அண்ணன் நிலத்தோடு இருந்துகொள்ள, தம்பி அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறைக்கு வேலைக்கு வந்தான். சனிக்கிழமை வேலை முடிந்ததும் என் கடையில் ஒரு சைக்கிள் எடுத்துக்கொண்டு ஊருக்கு மிதிப்பான். ஞாயிறு பொழுது சாய்வதற்குள் வண்டியைக் கொண்டுவந்து விடுவான். பஸ் ஓடும்போது ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன்.

"பஸ்ஸு மணப்பாறையில நின்னு முறுக்கு தின்னுட்டு வருதுக்கா. அதுக்குள்ள நான் வீட்டுக்குப் போயிடுவேன்" என்றான்.

இவனுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை என் வீட்டுக்காரர் ஏதோ கல்யாணத்துக்காக அந்தப் பஸ்ஸிலேயே போனார். வையம்பட்டியில் இறங்கியபோது வீரமலை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, டீ குடித்து முடித்து, தம்ளரைக் கழுவி வைத்துக்கொண்டிருந்தானாம். திரும்பி வந்த மனுஷர் செருப்பைக்கூடக் கழற்றாமல், "மேரி, இவனை ரேஸுக்கு விடு" என்றார்.

ரேஸ் என்றால் ஆடி மாதத்து முதல் ஞாயிறு ரேஸ். ஸ்ரீரங்கம் மொட்டைக் கோபுரத்தடியில் தொடங்கும். காவிரிப் பாலம் தாண்டி, கருமண்டபம், மணப்பாறை வழியாக வையம்பட்டி வரை போக வேண்டும். அங்கே நடுரோட்டில் ஒரு தார் டிரம் வைத்திருப்பார்கள். அதைச் சுற்றித் திரும்பி, வந்த வழியே மொட்டைக் கோபுரத்துக்கு வந்து சேர வேண்டும். போக வர எழுபது மைல். சைக்கிள் கடைக்காரர்கள் ஆளுக்கு ஒருவனைக் கூலி கொடுத்து இறக்குவோம். ஜெயிக்கிறவனுக்கு வெள்ளிக் கப். அவனை இறக்கிய கடைக்கு வருஷம் முழுக்கப் பேர்.

பெரிய கடைவீதியில் ஒரு பெரிய சைக்கிள் வியாபாரி சேஷுவை இறக்குவார். சேஷு சித்திரை வீதிப் பையன். அப்பா கோயிலில் பிரபந்தம் சேவிக்கிறவர். பிள்ளை மின்சார ஆபீஸில் கிளார்க். எழுபது மைல் மிதித்துவிட்டு வந்து நின்றால் நெற்றி நாமத்தில் ஸ்ரீசூர்ணம் கலைந்திருக்காது. அவனைத் திட்ட வேண்டும் என்று எனக்கு ஆசைதான், திட்ட ஒன்றும் கிடைக்காது. மரியாதை தெரிந்தவன்.

இந்த மரியாதைதான் என் வயிற்றெரிச்சலுக்கே காரணம். ரேஸ் ஓட்டுகிறவர்களுக்குள் சில முறைகள் உண்டு. எந்த நோட்டீஸிலும் அச்சடித்திருக்காது, ஆனால் மீறினவனோடு மறு வருஷம் யாரும் பேச மாட்டார்கள். எதிர்க்காற்றில் ஆளுக்குக் கொஞ்சம் முன்னால் போய் மற்றவர்களுக்குக் காற்றை மறைக்க வேண்டும். கடைசிவரை பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருகிறவனுக்கு உண்ணி என்று பேர். ஒருவன் தண்ணீர் குடிக்கும்போது அவனை விட்டுவிட்டு விரட்டக் கூடாது. இதெல்லாம் சரி. மூன்றாவது ஒன்று இருந்தது, ஊர் மரியாதை. யாருடைய ஊருக்குள் நுழைகிறார்களோ அவனை முன்னால் விட்டு, மற்றவர்கள் கொஞ்சம் மெதுவாகப் பின்னால் வர வேண்டும். அவன் ஊரார் பார்க்க முதல் ஆளாக வர வேண்டும், மாலை வாங்க வேண்டும். இதை நம் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேர் வடத்தை முதலில் யார் தொடுவது, பரிவட்டம் முதலில் யாருக்கு என்று கோர்ட்டு வரை போகிற ஜனம்தானே நாம்.

முதல் வருஷம் வீரமலையும் சேஷுவும் மற்ற எல்லோரையும் பின்னால் விட்டுவிட்டு ஜோடியாகக் காவிரிப் பாலம் ஏறினார்கள். உதிரிச் சக்கரங்களோடு நான் பின்னால் காய்கறி வேனில் வருகிறேன். என் சக்கரத்தை எவனையும் நம்பி விடமாட்டேன், அதனால் எல்லா ரேஸுக்கும் நானே போவேன். பாலம் முடிந்ததும் பார்த்தால் வீரமலை மிதிக்காமல் சும்மா வருகிறான். சேஷு முன்னால் போய்க் கப்பை வாங்கிக்கொண்டான். என் ஆளுக்கு இரண்டாம் பரிசு, ஒரு அரிக்கேன் விளக்கு.

"காலு பிடிச்சிருச்சாடா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. ஸ்ரீரங்கம் அவரு ஊராச்சே."

"ஏண்டா, கப்பு கெடக்குற எடத்துல என்னடா மரியாதை?"

"வையம்பட்டியில அவரு எனக்கு வழி விட்டாரேக்கா. வாங்கித் தின்னுட்டு வாயத் தொடச்சுக்கச் சொல்றீங்களா?"

டிரம்மைச் சுற்றும் இடத்தில் சேஷு நிஜமாகவே கையை நீட்டி மற்றவர்களை நிறுத்தி இவனை முன்னால் விட்டிருந்தான். நானே பார்த்தேன். ரேஸ் நடத்துகிற சடகோபன் மாமாவிடம் போய்ச் சண்டை போட்டேன். அவரும் ஸ்ரீரங்கத்துக்காரர்தான், நல்ல மனுஷர். "இது நாங்க போட்ட சட்டம் இல்லையேம்மா. அவாளுக்குள்ள வெச்சுண்டிருக்கறது" என்றார். முடிவுக் கோட்டை ஒருவன் ஊரில் போட்டுவிட்டு, ஊர் மரியாதையும் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இப்படியே நாலு வருஷம் போயிற்று. நாலு வருஷமும் பாலம் வரை ஜோடி, பாலத்துக்கப்புறம் சேஷு. ஊருக்குக் கொண்டுபோக மாட்டேன் என்று அவன் விட்டுப்போனதில் என் வீட்டில் நாலு அரிக்கேன் விளக்கு.

இதில் பெரிய கூத்து வையம்பட்டியில் நடந்தது. அந்த ஊர் ஜனம் பார்த்ததெல்லாம், வருஷா வருஷம் தங்கள் வீரமலை முதல் ஆளாக வந்து டிரம்மைச் சுற்றுவதைத்தான். மாலை போட்டு, மோர் கொடுத்து, மேளம் அடித்துக் கொண்டாடினார்கள். ரேஸ் அங்கேயே முடிந்துவிட்டது, கப்பை மட்டும் ஸ்ரீரங்கத்தில் கொடுப்பார்கள் என்பது அவர்கள் எண்ணம். அப்புறம் ஏன் எல்லோரும் திரும்பி மிதிக்கிறார்கள் என்று ஒருவர் கேட்டாராம். "வாடகை சைக்கிள்தானே, கொண்டுபோய் விட வேணாமா?" என்று இன்னொருவர் விளக்கம் சொன்னாராம். வீரமலை அதைத் திருத்தவில்லை. எப்படித் திருத்துவான்? மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, நான் ரெண்டாவதுதான் என்று எவன் சொல்வான்?

செல்லக்கண்ணு என்று அந்த ஊரில் நல்ல சம்சாரி. கிணற்றுப் பாசனம் உள்ளவர், பேச்சில் கறார். "வருசா வருசம் மொதல்ல வர்ற பய. இவனுக்குக் குடுக்காம யாருக்குக் குடுக்குறது?" என்று தன் மகள் அழகம்மாளை வீரமலைக்குக் கட்டிவைத்தார். கல்யாணம் அறுபத்தொன்றாம் வருஷம் வைகாசியில் நடந்தது. நானும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். பெண் நல்ல களை. கண்ணாலேயே சிரிக்கிறவள்.

ஆடி நெருங்கியது. புதுப்பெண்ணை முறைப்படி பிறந்த வீட்டுக்கு அழைத்துக்கொண்டார்கள். ரேஸுக்கு முந்தின வாரம் ஊருக்குப் போய்வந்த வீரமலை, வண்டியை ஸ்டாண்டு போடக்கூட மறந்து சுவரில் சாய்த்துவிட்டு நின்றான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"மாமனார் இந்த வருசம் சீரங்கம் வர்றாருக்கா. அழகம்மாளையும் கூட்டிக்கிட்டு வர்றாரு. கப்பு குடுக்குற எடத்தைப் பார்க்கணுமாம்."

நான் சிரித்துவிட்டேன். பிறகு அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். ஊரில் தலை நிமிர்ந்து நடக்கிற மனுஷர், பெண்ணைக் கொடுத்தவர், மொட்டைக் கோபுரத்தடியில் நின்று தன் மாப்பிள்ளை இரண்டாவதாக வருவதைப் பார்ப்பார். பக்கத்தில் நிற்கிறவன், "இது எப்பவும் அப்படித்தாங்க" என்பான். அந்தப் பெண் என்ன செய்யும்?

"இந்த ஒரு வருசம் வழி விடாதடா" என்றேன்.

"அது முடியாதுக்கா." யோசித்து வைத்திருந்தான் போல, உடனே சொன்னான். "சேர்ந்து வந்தாத்தானே வழி விடணும்? பாலத்துக்கு நான் தனியா வந்துட்டா யாருக்கு விடுறது?"

"தனியான்னா எங்கேயிருந்து?"

"வையம்பட்டியிலேருந்து."

முப்பத்தஞ்சு மைல் தனியாக. பைத்தியமாடா நீ என்று கேட்டேன். அவன் கணக்கு வேறாக இருந்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்தக் காற்று போகும்போது முகத்தில் அடிக்கும். அப்போது கூட்டத்துக்குள் இருந்தால்தான் பிழைக்கலாம். திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளும். அப்போது ஒருவன் மறைவில் இன்னொருவன் வருவதில் பெரிய லாபமில்லை. தனி ஆளும் கூட்டமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சனிக்கிழமை தோறும் அந்த ரோட்டில் தனியாக மிதித்தவன் சொல்கிறான். நான் வாயை மூடிக்கொண்டு, அந்த வாரம் முழுக்க அவன் சைக்கிளைக் கழற்றி மாட்டினேன். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, பெல் எல்லாம் கழன்றன. பால்ரஸ் புதிது போட்டேன்.

ஞாயிறு காலை மொட்டைக் கோபுரத்தடியில் கூட்டம். செல்லக்கண்ணு வெள்ளை வேட்டி சரசரக்க, மகளோடு முதல் பஸ்ஸில் வந்து கயிற்றின் ஓரத்தில் இடம் பிடித்துவிட்டார். வீரமலை அந்தப் பக்கமே திரும்பவில்லை. கொடி இறங்குவதற்கு முன் ஸ்ரீரங்கத்துப் பையன் எவனோ கூட்டத்திலிருந்து, "சேஷு, பாலம் வரைக்கும் வந்துடுடா போதும், அப்புறம் கப் உன்னுதுதான்" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். சேஷு சிரிக்கவில்லை. அவன் காது சிவந்ததை வேனிலிருந்து நான் பார்த்தேன்.

போகும்போது காற்று உயிரை எடுத்தது. முறைப்படி ஆளுக்குக் கொஞ்சம் முன்னால் போய் மறைத்தார்கள். வீரமலை தன் முறையை ஒரு தடவைகூடத் தட்டிக் கழிக்கவில்லை. எனக்கு ஆத்திரம், கொஞ்சம் மிச்சம் வைடா என்று. மணப்பாறை தாண்டியபோது முன்னால் ஆறு பேர்தான் இருந்தார்கள். வையம்பட்டி எல்லையில் சேஷு வழக்கம்போல் கையை நீட்டினான். மற்றவர்கள் மெதுவானார்கள். வீரமலை முன்னால் போனான், மேளம் கேட்டது.

அங்கேதான் எனக்குப் புத்தி கெட்டது. வேனிலிருந்து தலையை நீட்டி, "எறங்காதடா, அப்படியே போயிடு" என்று கத்தினேன். இறங்காமல் டிரம்மைச் சுற்றிப் பறந்திருந்தால், மற்றவர்கள் முறையோடு மெதுவாக வருகிற நேரத்தில் அரை மைல் போயிருக்கலாம். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். இறங்கினான். மாலைக்குக் குனிந்தான். மோரை நிதானமாகக் குடித்தான். ஐந்து பேரும் வந்து டிரம்மைச் சுற்றி, அவர்களும் ஆளுக்கொரு செம்பு மோர் குடித்து, கடைசி ஆள் வாயைத் துடைக்கிறவரை நின்றான். பிறகு மாலையைக் கழற்றி என் வேனில் போட்டுவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"நான் கெளம்புறேன். தொரத்துறவங்க தொரத்துங்க."

யாரோ சிரித்தார்கள். சேஷு சிரிக்கவில்லை. இரண்டு பர்லாங் போவதற்குள் அந்தச் சிரிப்பும் நின்றுவிட்டது. வீரமலை போன போக்கு அப்படி. முதுகில் காற்று, முன்னால் மனசு. எங்கள் வேன் டிரைவர், "யக்கா, நம்ம வண்டி மூச்சு வாங்குது" என்றான். மணப்பாறையில் டீக்கடைக்காரர்கள் எழுந்து வெளியே வந்துவிட்டார்கள். அங்கே இவனுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் ஒரு பஸ் போய்த் திரும்பலாம்.

ஆனால் சேஷு லேசுப்பட்டவனா? இருவரைச் சேர்த்துக்கொண்டு துரத்தினான். கருமண்டபத்துக்கு வரும்போது அந்த இருவரும் நாக்குத் தள்ளி உதிர்ந்துபோனார்கள், சேஷு ஒற்றை ஆளாக வந்துகொண்டிருந்தான். வீரமலையின் தோள் ஆட ஆரம்பித்திருந்தது. தோள் ஆடினால் கால் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். மெயின்கார்டு கேட்டில் திரும்பிப் பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது. சேஷுவின் முகம் தெரிகிற தூரம்.

பாலத்தில் காற்று பக்கவாட்டில் அடித்தது. கீழே காவிரி இரு கரையும் தொட்டுப் போகிறது. சைக்கிள் மேற்கிலிருந்து கிழக்கே இழுக்கிறது, இவன் அதோடு மல்லுக்கட்டுகிறான். பாலத்தின் நடுவில் சேஷு பக்கத்தில் வந்துவிட்டான். அந்தோணியாரே, இத்தனையும் இதற்குத்தானா என்று வாய்விட்டே அழுதேன். பாலம் முடிந்தது, ஸ்ரீரங்கம் வந்தது. நாலு வருஷத்துப் பழக்கம், வீரமலையின் கால் தானாக நின்றுவிட்டது.

சேஷுவும் மிதிப்பதை நிறுத்தினான்.

இரண்டு சைக்கிளும் ஜோடியாகச் சும்மா உருள்கின்றன. பக்கத்திலேயே எங்கள் வேன். இரண்டு பக்கமும் ஜனம், "சேஷு, போ போ" என்று கத்துகிறது.

"மிதிங்க வீரமலை" என்றான் சேஷு. மூச்சு இரைத்தது.

"ஒங்க ஊருங்க இது."

"என் ஊர்தான். பாலம் வரைக்கும் வந்தா போதும்னு என் ஊர்லயே என்னைப் பாத்துச் சிரிக்கறா. ஆத்து அலமாரியில நாலு கப் இருக்கு. அதுல எது நான் ஜெயிச்சதுன்னு நேக்கே தெரியலை." ஹேண்டில்பாரை ஒரு தட்டுத் தட்டினான். "நீங்க இன்னிக்கு வழி விட்டா நான் இங்கேயே இறங்கி நடந்து போயிடுவேன். மிதிங்க."

வீரமலை அவனை ஒரு கணம் பார்த்தான். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் சீட்டிலிருந்து எழுந்தார்கள்.

மாம்பழச் சாலையிலிருந்து மொட்டைக் கோபுரம் வரை அன்றைக்கு நடந்ததுதான் ரேஸ். அதற்கு முன் நாலு வருஷம் நடந்ததெல்லாம் ஊர்வலம். சேஷு ஒரு கை முன்னால், வீரமலை ஒரு கை முன்னால், மறுபடி சேஷு. அம்மா மண்டபம் சாலையில் நனைந்த துணியோடு வந்தவர்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். தோள் ஆடிய ஆளுக்கு எங்கிருந்து கால் வந்ததோ, கடைசி வளைவில் வீரமலை குனிந்தான். ஹேண்டில்பாரில் தாடை இடிக்கிற அளவுக்குக் குனிந்தான். சுண்ணாம்புக் கோட்டை அவன் முன்சக்கரம் தாண்டியபோது சேஷுவின் முன்சக்கரம் அவன் பெடலுக்கு நேராக இருந்தது.

கூட்டம் கப்சிப். சொந்த ஊரில் சொந்த ஊர்க்காரன் தோற்று அங்கே யாரும் பார்த்ததில்லை. சடகோபன் மாமா கொடியைப் பிடித்துக்கொண்டு சேஷுவின் முகத்தையே பார்த்தார்.

"என்னை என்ன பாக்கறேள் மாமா? பேரைச் சொல்லுங்கோ" என்றான் சேஷு.

"வீரமலை" என்றார் அவர். அதற்குப் பிறகு மொட்டைக் கோபுரத்துப் புறாவெல்லாம் பறக்கிற மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. ஸ்ரீரங்கத்து ஜனம்தான் கத்தியது. நான் வேனிலிருந்து குதித்து, கிரீஸ் கையோடு இரண்டு பேரையும் கட்டிக்கொண்டு அழுதேன். சேஷுவின் ஸ்ரீசூர்ணம் அன்றைக்குத்தான் கலைந்தது, என் கைபட்டு. வீரமலை தரையில் உட்கார்ந்து, வெள்ளிக் கப்பை மடியில் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல் தேம்பினான்.

செல்லக்கண்ணு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்ன மாப்பிள்ளை இது? எதுக்கு இந்த அழுகை? வருசா வருசம் மொதல்ல வர்றதுதானே?"

சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும். எவனாவது வாயைத் திறந்தால் தீர்ந்தது. அழகம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீரமலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, அவளுக்கு எல்லாம் முன்பே தெரியும்.

சேஷுதான் பேசினான். "ஆமாங்க. வருஷா வருஷம் வையம்பட்டிக்குள்ள இவர் முதுகைப் பாத்துண்டுதான் நான் வரேன்."

"அப்படிச் சொல்லுங்க" என்றார் செல்லக்கண்ணு, மனசு நிறைந்து. பிறகு அவன் வேர்வையையும் தூசியையும் பார்த்து அவருக்கு இரக்கம் வந்துவிட்டது. தோளில் தட்டிக்கொடுத்தார். "நீங்களும் மனசு விட்டுறாதீங்க தம்பி. விடாம வந்துக்கிட்டே இருங்க. ஒரு வருசம் இல்லாட்டி ஒரு வருசம் ஒங்களுக்கும் கப்பு கெடைக்கும்."

நாலு கப் வாங்கிய சேஷு இரண்டு கையையும் கூப்பினான்.

"சரிங்க" என்றான்.